கொல்வதற்கென்று ஒன்று

அத்தியாயம் 6

புருஷனை விவாகரத்து செய்தால் அவனோடு சேர்ந்து அவன் அக்காவும் கழன்றுகொள்வாள் என்று நம்பிய முட்டாள் நான். தம்பி போனான். அக்கா, எனக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாக மிச்சமானாள். ஊரில் இருக்கிற துப்பறிவாளர்களிலேயே பெரிய சிடுமூஞ்சி அவள்தான். நான் இன்னமும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னை ‘வாய்’ என்று கூப்பிடுகிறாள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்று என் முன்னாள் புருஷன் சொல்வான்.

அன்றைக்கு நாங்கள் நின்றது ஒரு மாடி வீட்டுப் படுக்கையறையில். கட்டிலில் கிடந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நரம்பு நோய். கை கால் போய், நாக்கு போய், இப்போது இமைகளும் சொன்ன பேச்சு கேட்காமல் போயிருந்தன. மிச்சமிருந்தது கண்மணியின் அசைவு மட்டும். அதுவும் மயிரிழை அளவு. நமக்குத் தெரியாது. முகத்துக்கு எதிரே இரும்புக் கை ஒன்றில் மாட்டியிருந்த கேமராவுக்குத் தெரியும். அவர் திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று அது பிடிக்கும், கணினி அதைக் குரலாக்கிச் சொல்லும். அப்படித்தான் அவர் பேசினார், வேலை பார்த்தார், வீட்டையும் நடத்தினார்.

அந்தக் கேமரா அன்று காலை செத்துவிட்டது. சாயங்காலம் டாக்டர் வருகிறார். நுரையீரல் ஓய்ந்துகொண்டிருந்ததால், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து இன்னும் பல வருஷம் வாழ்வதா, வேண்டாமா என்று கேட்க வருகிறார். பதிலை நோயாளியே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மனைவி சொல்வாள். ஆக, இந்த மனுஷன் வாழ்வதும் சாவதும் சாயங்காலத்துக்குள் அந்தக் கேமரா எழுந்திருப்பதில்தான் இருந்தது.

“வேற ஒண்ணு வாங்கி மாட்ட வேண்டியதுதானே?” என்றேன்.

“கம்பெனியே மூடியாச்சு,” என்றாள் மனைவி. மெலிந்த பெண். தூக்கம் என்பதைக் கடைசியாக எப்போது பார்த்தாளோ. “வேற கம்பெனியில சொன்னா வந்து சேரப் பல வாரம் ஆகும். அதுவரைக்கும் இவரு மூச்சு தாங்காது. எல்லாம் அந்த நர்ஸ் தம்பியால வந்தது. காலையில ஏதோ அப்டேட் ஓடிட்டிருந்திருக்கு. துடைக்கிறேன்னு ஒயரைப் பிடுங்கிட்டான்.”

எங்களை வேலைக்கு வைத்தவள் மனைவி அல்ல. இந்த மனிதரை நேரில் பார்த்தே இராத இன்னொரு பெண். அவளை அண்ணி போனில் அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

விஷயம் இதுதான். கணினிக்குள் மட்டுமல்ல, கேமரா, கீபோர்டு என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரு குட்டி மூளை இருக்கிறதாம். ஃபர்ம்வேர் என்று பெயர். தயாரித்த கம்பெனி அவ்வப்போது அந்த மூளைக்குத் திருத்தம் அனுப்பும். லினக்ஸ் கணினிகளில் அந்தத் திருத்தத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இலவச மென்பொருளை எழுதி, வருஷக்கணக்கில் பராமரித்து வருபவர் இந்தக் கட்டில்காரர். நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம். ஆனால் எதை வெளியிடுவதானாலும் இரண்டு பேர் கையெழுத்து மாதிரி ஆளுக்கொரு ரகசியச் சாவி போட வேண்டும். முதல் சாவி இவர். இரண்டாம் சாவி, போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள்.

“மேடம், ஒரு கருவி செத்தா எங்க மென்பொருள் எங்களுக்குத் தகவல் அனுப்பும்,” என்றாள் இரண்டாம் சாவி. “இன்னிக்குக் காலையில அவர் மெஷின்ல இருந்தே வந்துச்சு. கேமரா பாதித் திருத்தத்துல நிக்குதுன்னு. ஆனா திருத்தம் ஆரம்பிச்சதுக்குத் தகவலே இல்ல. உலகத்துலயே அந்த ஒரு மெஷின்லதான் இப்படி. எவனோ உள்ள புகுந்து, தடயத்தை அழிச்சிருக்கான். அவரு குரலை அவரு எழுதின மென்பொருளை வெச்சே கொன்னுருக்கான் மேடம்.”

“கல்யாணமே ஆகாம விவாகரத்து வந்த மாதிரி,” என்றேன் நான். அனுபவஸ்தி.

“வாய்,” என்றாள் அண்ணி.

ஆனால் அவள் முகத்தில் ஒரு மாற்றம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தூரத்தில் இருப்பது தெரியத்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். கிட்டத்தில் இருப்பதை அவள் வெறுங்கண்ணால்தான் பார்ப்பாள். இரும்புக் கையிலிருந்து கேமராவைக் கழற்றி, மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, அதன் நெற்றியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு கட்டிலை ஏற்றி இறக்கும் ரிமோட்டை எடுத்து அதையும் அப்படியே பார்த்தாள்.

“நர்ஸ் எங்க?”

நர்ஸ் தம்பி பால்கனியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஆறடி உயரம், கதவு அகலத் தோள். அந்த உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

“நான் ஒயரைத் தொடவே இல்ல மேடம். நான் வந்தப்பவே கேமரா செத்துத்தான் கிடந்துச்சு. அந்தம்மா நான்தான் பிடுங்கினேன்னு ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டாங்க. இனிமே எந்த வீட்டுலயும் என்னை ஏத்த மாட்டாங்க.”

“தினமும் துடைப்பியா?”

“காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஸ்பிரிட் வெச்சு. கட்டில் கம்பி, ரிமோட், கேமரா எல்லாம். அவருக்கு ஒரு கிருமி வந்தாப் போதும் மேடம், முடிஞ்சுது.”

“ரிமோட்ல அம்புக்குறிகூட இல்ல. எது மேல, எது கீழன்னு தெரியல.”

“துடைச்சுத் துடைச்சு அழிஞ்சுபோச்சு.”

“சரி, மூஞ்சியைக் கழுவு,” என்றாள் அண்ணி. அவள் அகராதியில் இதுதான் ஆறுதல்.

திரும்பி நடக்கும்போது எனக்குப் பொறி தட்டியது. “அண்ணி, ரிமோட் மொழுக்குன்னு ஆயிடுச்சு. கேமராவுல மட்டும் பேரு பளபளன்னு...”

“கத்தாதே. உனக்குக்கூடப் புரியுதுன்னா ஊருக்கே புரிஞ்சிரும்.”

அடுத்த அறை அவருடைய வேலை அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறைகள். மௌஸ், கீபோர்டு, வெப்கேம், பெயர் தெரியாத பெட்டிகள். எல்லாம் இரண்டிரண்டு. ஒரே மௌஸ் இரண்டு. ஒரே கீபோர்டு இரண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லாம் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. கண் கேமராவுக்கு மட்டும் உறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

“ஏன் எல்லாம் ரெண்டு ரெண்டா வாங்குவாரு?” என்று அண்ணி போனில் கேட்டாள்.

இரண்டாம் சாவி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “அது அவரு வழக்கம் மேடம். ஒண்ணு வெச்சுக்க, ஒண்ணு கொல்ல. திருத்தம் பாதி ஓடும்போது வேணும்னே ஒயரைப் பிடுங்குவாரு. ஜனங்க வீட்டுல கரண்ட் போகும், குழந்தை இழுக்கும், நாய் கடிக்கும், அப்ப என்னாகும்னு பாக்கணும்ல? பிடுங்கின பிறகும் கருவி தானா எந்திரிச்சாத்தான் திருத்தத்தை வெளியிடுவோம். எந்திரிக்கலன்னா கம்பெனிக்காரன் தலைகீழா நின்னாலும் விட மாட்டாரு.”

“கை வராத ஆளு எப்படிப் பிடுங்குவாரு?”

“அவங்க வொய்ஃப்தான். இவரு மெஷின் குரல்ல ‘இழு’ம்பாரு, அவங்க இழுப்பாங்க. போன்ல கேக்கும். இழு, மாட்டு, இழு, மாட்டு. சில நாள் பொழுதுக்கும்.”

“இந்தக் கண் கேமராவும் ரெண்டு வாங்கினாரா?”

“வாங்கினாரு. கம்பெனி மூடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு திருத்தம் அனுப்பிச்சு. சோதிச்சுப் பாத்துட்டு, கூடாதுன்னுட்டாரு.”

“அந்த ரெண்டாவது கேமரா இப்ப எங்க?”

“அங்க உறையிலதான் மேடம் இருக்கணும்.” அண்ணி போனை வைத்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ கேடு காலம் என்று அர்த்தம். என் கல்யாணத்தில் சிரித்தாள்.

மறுபடி படுக்கையறை. நர்ஸ் தம்பியையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்தினாள். கேமராவை மனைவியிடம் நீட்டினாள்.

“நல்ல சேதிம்மா. உங்க வீட்டுக்காரரோட சேந்து வேலை பாக்கிற பொண்ணு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா. ஏதோ மீட்பு நிரலாம். கொஞ்ச நேரத்துல இதை எழுப்பிடலாங்கறா.”

நான் அண்ணியைப் பார்த்தேன். புளுகு என்றால் புளுகு, ஆகாசப் புளுகு.

மனைவி கேமராவைக் கையில் வாங்கக்கூட இல்லை. “அது எந்திரிக்காது மேடம்.”

“அவ சொல்றாளே...”

“எந்திரிக்காதுங்கறேன்ல? வாரக்கணக்கா போராடியாச்சு. அவரு சொல்லச் சொல்ல நானே மாட்டி, கழட்டி, மாட்டி... என் விரல் நகமே பேந்துபோச்சு. கடைசியில அவரே கைவிட்டுட்டாரு.”

“எதைம்மா?” என்றாள் அண்ணி, ரொம்ப மெதுவாக. “இது இன்னிக்குக் காலையிலதானே செத்துச்சு?”

அவர் மூக்கு முகமூடிக்குக் காற்றுத் தள்ளும் மூச்சு இயந்திரம் புஸ் புஸ் என்றது. நர்ஸ் தம்பி வாயைப் பிளந்தான்.

“எவனும் எங்கேயும் புகல,” என்றாள் அண்ணி. “திருத்தமே ஓடலை, அப்புறம் எப்படி ஆரம்பத் தகவல் வரும்? சோதிக்கும்போது செத்துப்போன கேமராவைக் கொண்டாந்து இங்க மாட்டுனீங்க. மாட்டினதும் அது ‘நான் பாதியில நிக்கிறேன்’னு சொல்லிச்சு, மென்பொருள் தகவல் அனுப்பிச்சிருச்சு. தினம் ரெண்டு தரம் ஸ்பிரிட்ல துடைச்ச கேமராவுல பேரு நிக்காதும்மா. இதுல புதுசாட்டம் நிக்குது. உறைக்குள்ளயே கிடந்த பொணம் இது. நல்லது எங்க?”

நான் அலறல் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். புருஷனின் காலைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“வேணாம்னு சொல்லிடுவாரு மேடம். குழாய் வேணாம், என்னைப் போக விடுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுவாரு. எனக்குத் தெரியும். என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னே சொல்லுவாரு. அவரு வாயைத் திறக்கலன்னா முடிவு என் கைக்கு வரும். நான் வேணும்னுடுவேன். எப்படியாவது உயிரோட இருந்தாப் போதும் எனக்கு. வாயடைச்சுக் கிடந்தாலும் என் புருஷன் எனக்கு வேணும்.”

சத்தியமாக அழுதுவிட்டேன். இப்படிக்கூட ஒருத்தி ஒருத்தனை நேசிப்பாளா, நமக்கு வாய்த்தது ஒரு துண்டு காயப்போடத் தெரியாத ஜென்மம் என்று நினைத்து அதற்கும் சேர்த்து அழுதேன். நர்ஸ் தம்பியும் மறுபடி ஆரம்பித்துவிட்டான். தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவளுக்காக அழுகிறோமே என்று அவனுக்கே தோன்றவில்லை.

அண்ணி மட்டும் அழவில்லை. “கேமரா,” என்று கையை நீட்டினாள்.

மனைவி வாசலுக்குப் போனாள். செருப்பு அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி, மேலே தூசி படிந்து கிடந்தது. ஒரு காலத்தில் ஓடியிருக்கிறாள் போலிருக்கிறது. இடது காலணிக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய கேமராவை எடுத்தாள். நெற்றியில் பெயர் இல்லை. மொழுமொழு என்று இருந்தது.

அண்ணி அதை இரும்புக் கையில் மாட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. டாக்டர். வழுக்கை, கையில் ஒரு மெல்லிய பை, ஓய்ந்த நடை. உள்ளே வந்ததும் நேரே மனைவியிடம் போனார்.

“வருத்தமா இருக்கும்மா. ஆனா நல்லா யோசிச்சுத்தான் முடிவு எடுத்திருப்பீங்க. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“என்ன முடிவு டாக்டர்?” என்றாள் அண்ணி.

டாக்டர் எங்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “இவங்கதான் காலையில போன் பண்ணினாங்களே. அவரால இனிமே பேச முடியாது, அதனால நானே முடிவு சொல்றேன், குழாய் வேணாம்னாங்க.”

என் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது. துடைக்க வெட்கமாக இருந்தது. அதைவிட, எரிச்சலாக இருந்தது. என்னை ஏமாற்றி அழ வைத்துவிட்டாளே.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மூலைக்கு மூலை ஒரு பச்சைப் புள்ளி தோன்றித் தோன்றி மறைந்தது. கட்டில்காரரின் கண்மணி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. கேமரா அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு எழுத்துப் பலகை விரிந்தது.

எழுத்தெழுத்தாக வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத, ரயில்வே அறிவிப்பு மாதிரியான குரல்.

“குழாய் வேணும்.”

டாக்டர் குனிந்தார். “இன்னொரு தரம் சொல்லுங்க சார். நல்லா யோசிச்சு.”

“வேணும். நான் உயிரோட இருக்கணும். நேத்து ராத்திரியே இவகிட்ட சொன்னேன். வேணாம்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சினா. மாட்டேன்னேன்.”

அப்போதுதான் மனைவி வெடித்தாள். அதுவரை இருந்த ‘அவரு’ போய், ‘நீ’ வந்தது.

“ஆமா, கெஞ்சினேன்! காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்! உனக்கு மூச்சு விட ஒரு மெஷின் இருக்கு, பேச ஒரு மெஷின் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ராத்திரி பகல்னு இல்லாம வா, தூக்கு, புரட்டு, இழு, மாட்டுன்னு அந்தக் குரல். இன்னும் பத்து வருஷம் கேக்கணுமா? நான் செத்த பிறகும் கேக்கும் அந்தக் குரல்!”

டாக்டர் தம் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். நர்ஸ் தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு இப்போது யாருக்காக அழுவது என்றே தெரியவில்லை. பாழாய்ப்போன கண்ணீரை முதலிலேயே அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டேன்.

டாக்டர் முதலில் தேறினார். “நாளைக்கு ஆம்புலன்ஸ் அனுப்பறேன். குழாய் வெச்சிடலாம்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “போலீஸ்ல சொல்ல வேண்டியிருக்கும். இது சின்ன விஷயம் இல்ல.”

அண்ணி கட்டிலருகே போனாள். “அது உங்க முடிவு சார். எங்களை வெச்ச பொண்ணு உங்க குரலைத்தான் கேட்டா, குடுத்தாச்சு. புகார் குடுக்கணுமா?”

திரையில் பச்சைப் புள்ளி நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தில் பயத்தைவிட ஒரு வகை ஆசை தெரிந்தது என்றால் நம்புவீர்களா? ஜெயில் என்றால் ஜெயில், இந்த அறை இல்லையே என்கிற மாதிரி.

“நர்ஸ் மேல தப்பில்ல. ஏஜென்சிக்குச் சொல்லுங்க,” என்றது மெஷின்.

நர்ஸ் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

“புகார் வேணாம்.”

“பெரிய மனசு,” என்று முணுமுணுத்தார் டாக்டர்.

பச்சைப் புள்ளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“இவ இங்க இருக்கிற வரைக்கும் வேணாம். வாசப்படி தாண்டினா அன்னிக்கே குடுப்பேன். என்னைக் கொல்லப் பாத்தான்னு. சாட்சிக்கு நீங்க நாலு பேரும் இருக்கீங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஆச்சரியம், ஒன்றும் வரவில்லை.

“சார், இதுக்குப் பேரு மிரட்டல்,” என்றாள் அண்ணி.

“ஆமா,” என்றது மெஷின்.

அவ்வளவுதான். ஒரு சமாதானம் இல்லை, ஒரு காரணம் இல்லை. உலகமெல்லாம் முகம் தெரியாதவர்களின் கருவிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மனுஷன். எந்தக் கம்பெனிக்கும் வளையாதவர். அவர் கண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கண் காயாமலிருக்க நர்ஸ் தம்பி விட்ட சொட்டு மருந்துதான் மினுங்கியது.

படியிறங்க வெளியே வந்தோம். “அண்ணி, அந்தக் கேமராவை நாம கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ?” என்றேன்.

“கண்டுபிடிக்கலன்னா கொஞ்ச நாள்ல அவன் செத்திருப்பான்.”

“கண்டுபிடிச்சதுல?”

அண்ணி படியிலேயே நின்றுவிட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து, அவளுக்கு என்மேல் ஒரு சிடுசிடுப்பும் வராத நேரம் அதுதான்.

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே மெஷின் பேசியது.

“தலையணை.”

அவள் அசையவில்லை. சுவரோடு நின்றாள்.

“தலையணை.”

அதே குரல், அதே சத்தம். அவள் மெல்ல நடந்து போனாள், அவர் தலையை ஒரு கையால் தாங்கினாள், மறு கையால் தலையணையை இழுத்துச் சரிசெய்தாள். பழகிய கை, ஒரு முடிகூட இழுபடவில்லை.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்,” என்றது மெஷின்.

அவள் நகர்த்தினாள்.